சூடம் அணைத்த கை

பேசி முடித்துக் கிளம்பும்போது எந்தப் பொம்பிளையும் "வரேன்" என்று சொல்லித்தானே கிளம்புவாள்? எதிர்வீட்டு அக்கா சொல்லமாட்டாள். முந்தானையை உதறிக்கொண்டு எழுந்து "கெளம்பறேன்" என்பாள், அவ்வளவுதான். கல்யாணமாகித் திருத்தணிக்கு வந்த புதிதில் எனக்கு அது பெரிய அவமானமாக இருந்தது. வயதில் மூத்தவள், வாசலுக்கு வாசல் பார்த்துக்கொண்டு இருக்கிறவள், இப்படி முகத்தில் அடித்த மாதிரி போகிறாளே என்று என் வீட்டுக்காரரிடம் சொல்லி அழுதேன். அவர் சிரித்தார்.

"அந்தக்கா அப்படித்தான். வரேன்னு வாயால சொல்லிட்டா வந்தே ஆவணும் அதுக்கு. நாளைக்கு இன்னா வேல வருமோன்னு சொல்லாமப் போவுது. நீ ஒண்ணும் நெனச்சிக்காத."

இப்படியும் ஒரு பிறவியா என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த பதினைந்து வருஷமும் அதையேதான் நினைத்தேன். சில நாள் பிரியமாக, பல நாள் எரிச்சலாக.

கறுப்பாக, நெட்டையாக இருப்பாள். காதில் தோடு கிடையாது, துளை தூர்ந்துபோகாமல் இருக்க வேப்பங்குச்சி செருகியிருப்பாள். பொதட்டூர்பேட்டையிலிருந்து லுங்கித் துணி மூட்டையாக பஸ்ஸில் வரும். அதை ஓரம் சேர்த்து மூட்டிக் கொடுப்பதுதான் அவள் பிழைப்பு. காலையில் வாசல் தெளித்துவிட்டு மிஷினில் உட்கார்ந்தால் அந்தச் சத்தம் எங்கள் வீட்டுச் சோறு வடிக்கும் வரைக்கும் நிற்காது. ஒருநாள் சத்தம் திடீரென்று நின்றது. என்னவோ ஏதோ என்று ஓடிப் போய்ப் பார்த்தால், ஊசி ஆள்காட்டி விரலில் இறங்கி, நகத்தோடு சேர்த்துத் தைத்திருந்தது. எனக்கு மயக்கமே வந்துவிட்டது. அவள் சக்கரத்தைக் கையால் பின்பக்கம் சுற்றி ஊசியை எடுத்தாள். துணிக்கிழியைச் சுற்றினாள். மறுபடியும் மிதிக்க ஆரம்பித்தாள்.

"யக்கா, ஆஸ்பத்திரிக்கு வா. நாளைக்குத் தச்சா இன்னா, அந்த மூட்டை ஓடியா பூடும்?"

"சாயங்கால பஸ்ல ஏத்தறேன்னு சொல்லிட்டேன்."

ஏற்றினாள். விரலில் கட்டிய துணியை மீறி ரத்தம் கசிந்து நாலைந்து லுங்கி கறையாகிவிட்டது என்று வியாபாரி கூலியில் பிடித்துக்கொண்டான். அதற்கும் சண்டை போடவில்லை. சொன்ன நேரத்துக்கு மூட்டை போய்ச் சேர்ந்ததா, சேர்ந்தது. அவளுக்கு அது போதும்.

இதையெல்லாம் கேட்டால் நல்ல குணமாகத் தெரியும். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது, அவள் தங்கச்சி வீட்டுக் கல்யாணத்துக்கு அவளோடு நான் போய் வரும் வரைக்கும். தங்கச்சியைக் கே.ஜி.கண்டிகையில் கொடுத்திருந்தார்கள். என்றைக்கோ ஏதோ சண்டையில், "உன் வூட்டுல பச்சத் தண்ணி குடிக்கமாட்டேன்" என்று அக்கா சொல்லியிருக்கிறாள். சண்டை தீர்ந்து, பேச்சு வார்த்தை வந்து, தங்கச்சி மகளுக்குக் கல்யாணமும் வந்துவிட்டது. இவள் போனாள். முறைப்படி சீரெல்லாம் எடுத்துக்கொண்டு போனாள். கூடவே ஒரு பித்தளைச் சொம்பில் எங்கள் தெருக் குழாய்த் தண்ணீர், ஒரு டப்பாவில் கட்டுச்சோறு. பந்தலில் ஊரே வாழையிலையில் உட்கார்ந்து சாப்பிடும்போது இவள் ஓரமாக உட்கார்ந்து தன் டப்பாவைத் திறந்தாள். பிள்ளைகள் கூடி நின்று சிரித்தார்கள். தங்கச்சி ஓடி வந்து காலைப் பிடித்துக்கொண்டு கதறினாள்.

"ஏன் யக்கா இப்படி என் மானத்த வாங்கற? நான்தான் தப்புன்னு அன்னிக்கே சொல்லிட்டேனே!"

"உன் மேல எனுக்கு ஒரு கோவமும் இல்லம்மா. வாயி சொல்லிடுச்சி. நான் இன்னா பண்ணட்டும்?" என்று தங்கச்சியின் கண்ணைத் துடைத்துவிட்டாள். பிறகு சொம்பைத் தூக்கித் தண்ணீர் குடித்தாள். எனக்கு அன்றைக்கு முதல்முறையாக அவளைப் பார்த்து உள்ளுக்குள் பயம் வந்தது.

அவள் புருஷன் மின்சார ஆபீஸில் லைன்மேன். அந்த ஆளைக் கெட்டவன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சிரித்த முகம்தான். தெருவில் யார் வீட்டில் ஃபியூஸ் போனாலும் சைக்கிளை நிறுத்திவிட்டு வருவார். இவர்கள் இருந்த வீடு கட்டிய கதையைச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் மற்றது புரியும். ஊரில் வீடு கட்டும் சங்கம் ஒன்று இருந்தது. மாசச் சம்பளக்காரனுக்குத்தான் அதில் கடன், அதுவும் மனை அவன் பேரில் இருந்தால்தான். அக்காவின் நைனா போட்டனுப்பிய நகையை, காதில் கிடந்தது கழுத்தில் கிடந்தது எல்லாவற்றையும் விற்றுத்தான் மனையே வாங்கினார்கள். கடன் கிடைக்க வேண்டும் என்று அதைப் புருஷன் பேரில் எழுதினாள். சங்கம் அந்தப் பத்திரத்தை அடமானமாக வாங்கி வைத்துக்கொண்டு பணம் கொடுத்தது. மாசாமாசம் தவணை கட்ட வேண்டும்.

சுவர் எழும்பி, கூரை போட்டு, பால் காய்ச்சியும் ஆயிற்று. பிள்ளை மட்டும் பிறக்கவில்லை. அவருக்குப் பள்ளிப்பட்டுக்கு மாற்றல் வந்தது. தினம் போய் வந்துகொண்டிருந்தவர் வாரத்துக்கு ஒருமுறை வர ஆரம்பித்தார். அங்கே ஒரு பெண் முழுகாமல் இருக்கிறாள் என்ற சேதி அவருக்கு முன்னால் பஸ் ஏறி எங்கள் தெருவுக்கு வந்துவிட்டது.

அக்கா கத்தவில்லை. "இருந்தா ஒருத்தியோட இருக்கட்டும். அத்து உட்டுடுங்க" என்றாள்.

அந்தக் காலத்தில் இதற்கெல்லாம் யார் கோர்ட்டுக்குப் போனார்கள்? இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் சேர்ந்து பேசி, மலைமேல் வைத்து முடிப்பது என்று ஏற்பாடாயிற்று. அவளுக்குத் தாய் இல்லை. நான்தான் துணைக்குப் போனேன். மாமரத்து நிழலில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். இருவர் கையிலும் ஒரு வைக்கோல் துரும்பைக் கொடுத்துக் கிள்ளிப் போடச் சொன்னார்கள். கிள்ளிப் போட்டார்கள். அவள் தாலியைக் கழற்றித் தட்டில் வைத்தாள். ஒரு கல்யாணம் முறிவதற்கு ஒரு வெற்றிலை போடும் நேரம்கூட ஆகவில்லை.

பிறகுதான் வீட்டுப் பேச்சு வந்தது. பெரியவர் ஒருவர் கேட்டார். "இந்தாம்மா, மனை உன் நகையில வந்தது. வூடு உனுக்குத்தான். ஆனா கடனும் உனுக்குத்தான், ரெண்டையும் சேத்து எடுத்துக்கறியா?"

"ஆங், எடுத்துக்கறேன்."

"சங்கத்துல கடன் தீராம பேரு மாத்தமாட்டாங்களாம். தீர்ற அன்னிக்கு இவன் உன் பேருல எழுதிக் குடுத்துடணும். இன்னாப்பா சொல்ற?"

லைன்மேன் தலையை ஆட்டினார். ஒரு கல்லின்மேல் சூடம் ஏற்றினார்கள். "கடன் தீர்ந்த அன்னிக்கு நானே வந்து எழுதித் தரேன். முருகன் சாட்சி" என்று சொல்லி அவர் உள்ளங்கையால் சூடத்தை அணைத்தார். சூடம் அணைத்துச் சொன்ன பிறகு அதற்கு மேல் பத்திரம் கித்திரம் என்று எங்கள் பக்கத்தில் யாரும் பேசமாட்டார்கள். பேசினால் சாமியையே நம்பவில்லை என்று ஆகிவிடும். முடிந்தது என்று எல்லோரும் வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தார்கள்.

அப்போதுதான் அந்தப் பாவி மகள் வாயைத் திறந்தாள். யாரும் அவளைக் கேட்கவில்லை. "இன்னொரு சூடம் வைங்க" என்றாள். வைத்தார்கள்.

"இந்த ஆளு வாசப்படி மிதிக்கமாட்டேன். இந்த வூட்டுக்காகவோ வேற எதுக்காகவோ வாயத் தொறந்து ஒரு வார்த்த இவருகிட்ட கேக்கமாட்டேன். இவருதான் வந்து குடுக்கணும். முருகன் சாட்சி."

அவர் தன் சூடத்தைத் தொட்டும் தொடாமலும்தான் அணைத்திருந்தார். இவள் கையை அழுத்தி வைத்துவிட்டு எடுக்கவே இல்லை. நான் இழுத்துத்தான் எடுத்தேன். உள்ளங்கை வெந்து வெளுத்திருந்தது.

"உன்ன யாரும்மா சத்தியம் பண்ணச் சொன்னது?" என்று பெரியவர் தலையில் அடித்துக்கொண்டார்.

கடனை அவள் கட்டின விதத்தைப் பார்த்தால் கல்லுக்கும் இரக்கம் வரும். கூடத்தையும் முன்னறையையும் மலைக்கு வருகிறவர்களுக்கு நாள் வாடகைக்கு விட்டாள். ஆடிக் கிருத்திகை வந்தால் வீடு முழுக்கக் காவடிக்காரர்கள். ஈர மஞ்சள் துணியும் மொட்டைத் தலையும் சந்தனமுமாக அவர்கள் கூடத்தில் படுத்திருப்பார்கள், வீட்டுக்குச் சொந்தக்காரி சமையல்கட்டில் அம்மிக்குப் பக்கத்தில் முடங்கியிருப்பாள். ஒரு தவணை தவறியதில்லை. சங்கத்தில் கொடுக்கும் ரசீது எல்லாம் லைன்மேன் பேரில்தான் இருக்கும். கடன் அவர் பேரில் இருக்கும்போது ரசீது மட்டும் இவள் பேரில் எப்படி வரும்?

"யக்கா, நீ கட்டற துட்டு, அவரு பேருல ரசீது. இது இன்னா நாயம்?" என்று நான் கேட்பேன்.

"பேரு யாரோடதா இருந்தா இன்னா? சூடம் அணைச்சிருக்காரு இல்ல?" என்பாள்.

கடன் தீர்ந்த அன்றைக்கு அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! தலைக்குக் குளித்து, பூ வைத்துக்கொண்டு, மலைக்குப் போய் தேங்காய் உடைத்துவிட்டு வந்தாள். லைன்மேன் எழுதிக் கொடுக்க வரும்போது மரியாதை செய்ய வேண்டும் என்று ஒரு வேட்டியும் துண்டும்கூட வாங்கி வைத்தாள். பத்திரத்தைக் கேட்கப் போனபோது சங்கத்தில், கடன்காரர் நேரில் வந்து கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ள வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். "ஆங், வருவாரு" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

அவர் வரவில்லை.

மழைக்காலம் போனது, தை கிருத்திகை போனது. என் வீட்டுக்காரர் பொறுக்காமல் பள்ளிப்பட்டுக்கே போனார். அதற்கும் அவளிடம் சொல்லாமல்தான் போனார். லைன்மேன் மரியாதையாக உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தாராம். "நான் மாட்டேன்னு சொல்லலியே. இத்தினி வருசம் ஆச்சு, அவளே வந்து ஒரு வார்த்த கேக்கட்டும். அடுத்த நாளே எழுதித் தரேன். ஊரு முன்னால என் வாசப்படி மிதிக்கமாட்டேன்னு சொன்னாளே, அது எனுக்கு எப்படி இருந்திருக்கும்?" என்று கேட்டாராம்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. நேரே எதிர்வீட்டுக்குப் போய்க் கத்தினேன்.

"ஒரு வார்த்ததானே யக்கா! சாமி கண்ணக் குத்திடுமா? போனாப் போவுதுன்னு ஒரு வார்த்த கேளேன்!"

"அவரு சொன்னத அவரு செய்யலன்னா அது அவரு பாடு. நான் சொன்னத நான் மாத்தினா என் பாடு."

"நீயும் உன் சத்தியமும் நாசமாப் போவ!" என்று திட்டிவிட்டு வந்தேன். ஒரு வாரம் பேசவில்லை.

அடுத்த வருஷம் லைன்மேனுக்கு மஞ்சள் காமாலை முற்றி, திருத்தணி பெரியாஸ்பத்திரியிலேயே கொண்டுவந்து போட்டார்கள். அவரோடு வேலை செய்த பையன் ஒருவன் சைக்கிளில் ஓடி வந்தான். "யக்கா, அண்ணன் கண்ணத் தொறந்துகினு கீறாரு. ரிஜிஸ்தர் ஆபீசு ஆளுங்கள இங்கியே வரவெச்சி எழுதிடலாம்னு சொல்றாரு. நீங்க வந்து ஒரு வார்த்த சொல்லணுமாம்."

நான் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். "ஆஸ்பத்திரி ஒண்ணும் அந்தாளு வாசப்படி இல்ல. தர்மாஸ்பத்திரி. வா, நீ வாயத் தொறக்க வேணாம், சும்மா நில்லு, நான் கேக்கறேன்."

அவள் யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள். செருப்பைக்கூடக் காலில் மாட்டினாள். முருகா முருகா என்று நான் மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். வாசல்வரைக்கும் வந்தவள் நின்றுவிட்டாள்.

"எதுக்கு வந்து நிக்கறன்னு அவருக்குத் தெரியும். அது கேக்கறதுதாம்மா. வாயால கேட்டா இன்னா, நின்னுகினு கேட்டா இன்னா?" என்று சொல்லிச் செருப்பைக் கழற்றினாள். இரண்டு நாளில் அவர் செத்துப்போனார்.

பிணம் எங்கள் தெரு முனை வழியாகத்தான் போயிற்று. பறைச் சத்தம் கேட்டது. அவள் மிஷினில் உட்கார்ந்திருந்தாள். தலை முழுகவில்லை. பொட்டையும் அழிக்கவில்லை. ஊரில் சிலர் அதற்கும் பேசினார்கள். துரும்பு கிள்ளின அன்றைக்கே எல்லாம் தீர்ந்தது, இதில் தலை முழுக என்ன இருக்கிறது என்பது அவள் கணக்கு. அன்றைக்குச் சாயங்காலம் அந்த வேட்டியையும் துண்டையும் எடுத்துக்கொண்டு போய் மலையடிவாரத்தில் ஒரு பிச்சைக்காரனுக்குக் கொடுத்துவிட்டாள்.

பள்ளிப்பட்டுப் பெண் இரண்டு பிள்ளைகளோடு நின்றாள். வாரிசு என்று எழுதிக் கொடுத்துச் சங்கத்திலிருந்து பத்திரத்தை வாங்கிக்கொண்டாள். அவளைச் சொல்லியும் குற்றமில்லை, அவளுக்கும் வேறு வழி கிடையாது. வீட்டைக் காலி செய்து கொடுக்கச் சொல்லி வக்கீல் நோட்டீஸ் வந்தது.

எங்களுக்குத் தெரிந்த வக்கீல் ஒருவரிடம் போனோம். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு உற்சாகமாகிவிட்டார். "கவலப்படாதீங்கம்மா. மலைமேல வாய்ப்பேச்சா குடுத்த வீடு செல்லாது. அது போகட்டும். துரும்பு கிள்ளினதுக்கும் காயிதம் கிடையாதே! அப்படி ஒண்ணு நடக்கவே இல்லன்னு சொல்லிடுங்க. சண்டையில பிரிஞ்சி இருந்தோம், அவ்வளவுதான். நீங்கதான் தாலி கட்டின பொண்டாட்டி. வீட்டுல உங்களுக்குப் பங்கு உண்டு, உங்கள வெளிய அனுப்ப ஒருத்தனாலும் முடியாது."

அவள் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் சரி என்று சொல்லவில்லை என்பதை நான் கவனித்திருக்க வேண்டும். பதினைந்து வருஷமாகப் பார்த்தவள்தானே நான்!

முன்சீப் கோர்ட்டில் கூண்டில் ஏறி நின்றாள். நாங்கள் பின்னால் பெஞ்சில் இருந்தோம். அந்தப் பக்கம் பள்ளிப்பட்டுப் பெண் சின்னவனை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். நம் வக்கீல் எழுந்து கனிவாகத்தான் கேட்டார்.

"இறந்துபோனவருக்கு நீங்க என்னம்மா ஆவணும்?"

"ஒண்ணும் ஆவாதுங்க."

"நல்லா யோசிச்சிச் சொல்லுங்கம்மா. நீங்க அவர் மனைவிதானே?"

"இல்லீங்க. மலைமேல துரும்பு கிள்ளி அத்துகினேன். அதுக்கப்புறம்தான் அந்தப் பொண்ண அவரு கட்டினாரு. அது பொய்யில்லீங்க."

வக்கீல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பள்ளிப்பட்டுப் பெண் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள். இரண்டு சொல்லில் நகை போனது, மனை போனது, அத்தனை வருஷம் மூட்டின லுங்கியெல்லாம் போனது. நான் வெளியே வந்து புளிய மரத்தடியில் அவளைப் பிடித்துக்கொண்டேன். உலுக்கினேன்.

"யாரு குடி கெட்டுப்போவுது உன் ஒரு பொய்யில? சொல்லு! யாரு குடி?"

"அவரு செத்த அன்னிக்கு நான் தல முழுகலம்மா" என்றாள். "பொணத்த எடுத்துகினு போவச்சொல்ல மிஷினு மிதிச்சிகினு இருந்தேன். இன்னிக்கு வூடு வேணும்னு வந்து நின்னு நான் தாலி அறுக்கறதா?"

அவள் செய்தது சரி என்று என்னால் ஒரு நாளும் ஒப்புக்கொள்ள முடிந்ததில்லை. முட்டாள்தனம் என்றுதான் இப்போதும் சொல்வேன், சொல்லும்போதே அழுகை வரும்.

தீர்ப்பு எதிராக வந்தும் அவளை உடனே போகச் சொல்லவில்லை. "பின்னால ரூம்புல இருந்துகினு இருங்க யக்கா, உங்கள யாரு கேக்கப் போறா" என்று பள்ளிப்பட்டுப் பெண் வந்து சொன்னாள். அக்கா அவள் பிள்ளைகளுக்கு முறுக்கு கொடுத்து அனுப்பிவிட்டு, சாமான்களைக் கட்டிக்கொண்டு கே.ஜி.கண்டிகைக்குப் போய்விட்டாள். தங்கச்சி வீட்டுக்குப் போகவில்லை, அங்கே தண்ணீர் குடிக்க முடியாதே! மளிகைக் கடைக்காரர் ஒருவரின் வீட்டுப் பின்கட்டில் ஓர் அறையை வாடகைக்குப் பிடித்தாள். மிஷினையும் கொண்டுபோனாள். பள்ளிப்பட்டுப் பெண் கடன்பட்டு வீட்டை யாரோ புது ஆட்களுக்கு விற்றுவிட்டாள். அவர்கள் சுண்ணாம்பு அடித்து, திண்டிவனம் கல் பதித்து, அடையாளமே தெரியாத மாதிரி ஆக்கினார்கள்.

மூன்று வருஷம் இருந்தாளோ என்னவோ. ஒரு நாள் காலையில் கண்டிகையிலிருந்து ஆள் வந்தது. படுத்தவள் எழுந்திருக்கவில்லை. நாங்கள் போனபோது பிணம் தெருவில், கட்டிலில் கிடந்தது. மேலே ஒரு சேலையைப் பந்தலாகக் கட்டியிருந்தார்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. வாடகைக்கு இருப்பவள் பிணத்தை உள்ளே போட மளிகைக் கடைக்காரர் சம்மதிக்கவில்லை. "பொண்ணுக்கு அடுத்த வாரம் கல்யாணம்மா, தப்பா நெனைக்காதீங்க" என்று அவர் கையைப் பிசைந்தார். தங்கச்சி தன் வீட்டுக்குத் தூக்கிப் போகலாம் என்று அழுதாள். எனக்கு மனசு ஒப்பவில்லை. செத்த பிறகாவது சொந்தத் தெருவில் கிடக்கட்டும் என்று என் வீட்டுக்காரர் மாட்டுவண்டி பிடித்தார். எங்கள் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டோம்.

கூடத்தில் கிடத்தி, தலைமாட்டில் விளக்கு ஏற்றி வைத்தேன். தலை தெற்கே, முகம் வாசலைப் பார்த்த மாதிரி. ஒப்பாரி எழுந்ததும் தெருவில் ஒவ்வொரு வீடாகக் கதவைச் சாத்தினார்கள். பிணம் எடுக்கிற வரைக்கும் சாத்தி வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம், அதில் தப்பொன்றும் இல்லை. எதிர்வீட்டிலும் புதுசாக வந்த அந்தப் பெண் எட்டிப் பார்த்தாள், குழந்தையை உள்ளே இழுத்துக்கொண்டாள், கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். எங்கள் கூடத்தில் கிடப்பது யார் என்று அவளுக்குத் தெரியாது.